என்எம்டிஏ ஏற்பியை அடைத்தும் ஸ்ட்ரோக்கில் நரம்பணு ஏன் பிழைக்கவில்லை?

முதுகலை_உயிரியல்

வணக்கம். செமினாருக்காக ஸ்ட்ரோக்கும் செல் சமிக்ஞைகளும் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் கதை வெகு நேர்த்தியாக ஓடுகிறது. ரத்தக்குழாய் அடைபடுகிறது, ஆக்சிஜனும் குளுக்கோஸும் நிற்கின்றன, செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்கிறது, சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஓய்கிறது. சவ்வின் மின்னழுத்தம் சரிந்ததும் நரம்பணு தன்னிடம் இருக்கும், அடுத்த செல்லைத் தூண்டும் ரசாயனமான குளுட்டமேட்டையெல்லாம் வெளியே கொட்டுகிறது. அது பக்கத்துச் செல்லின் சவ்வில் கதவு மாதிரி இருக்கும் என்எம்டிஏ ஏற்பியைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே புகுந்து செல்லைக் கொல்கிறது. எலிக்கு எம்கே-801 என்ற மருந்தைக் கொடுத்து அந்த ஏற்பியை அடைத்தால் இறந்த திசுவின் அளவு குறைகிறது. இதுவரை புரிகிறது.

அடுத்த பக்கத்தில், மனிதர்களிடம் இந்த வகை மருந்து எதுவும் பலன் தரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஏன் என்று எழுதவே இல்லை. கொள்கை தப்பா, மருந்து தப்பா, சோதித்த விதம் தப்பா?

எலிக்கூண்டு

கொள்கையில் தப்பில்லை. குளுட்டமேட் நரம்புத் திசுவைக் கொல்லும் என்பதை லூகாஸ், நியூஹவுஸ் இருவரும் 1957-லேயே சுண்டெலிக் குஞ்சுகளின் விழித்திரையில் பார்த்துவிட்டார்கள். 1969-ல் ஜான் ஓல்னி அதையே மூளையில் காட்டினார். செல்லுக்குள் இருக்கும் கால்சியம் வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவே செல் ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை 20 சதவீத ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதற்கு இந்த மாதிரிச் செலவுகள்தான் காரணம்.

கால்சியம் புகுந்ததும் நடப்பது ஒரு வேலை இல்லை, பல வேலை. கால்பெய்ன் என்ற நொதி செல்லின் உள்சட்டகத்தை வெட்டுகிறது. பாஸ்போலிபேஸ்கள் சவ்வை அரிக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, சூப்பராக்சைடுடன் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிறது. அது டிஎன்ஏவை உடைக்க, உடைந்ததைச் சரிசெய்ய வரும் பார்ப்-1 என்ற நொதி ஆற்றல் தயாரிக்கத் தேவையான என்ஏடியையெல்லாம் தீர்த்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் கால்சியத்தை விழுங்கி வீங்கி, சாவுக்குச் சமிக்ஞை தரும் சைட்டோகுரோம் சியை வெளியே விடுகிறது. ஆக, மேலே ஒரு கதவை அடைத்தால் இவ்வளவும் நின்றுவிட வேண்டும். கணக்கு அப்படித்தான் போட்டார்கள்.

பாடப்புத்தகம் விட்டுவிட்டது இடத்தை. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் போவது இயல்பு. அது 20-க்குக் கீழே போனால் நரம்பணு மின்சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. 10-ஐ ஒட்டி இறங்கினால் பம்பே நின்றுவிடும். நடுப்பகுதியான கோர் சில நிமிடங்களில் போய்விடுகிறது. அதைச் சுற்றி, வேலை நின்று உயிர் மட்டும் இருக்கும் பகுதிதான் பெனம்ப்ரா. ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் மூவரும் 1981-ல் இந்த வாசல் அளவுகளைத் தொகுத்து எழுதினார்கள். நாம் பேசும் எல்லா மருந்தும் பெனம்ப்ராவுக்கானது. கோருக்கு மருந்தே கிடையாது.

அந்தப் பெனம்ப்ராவில் குளுட்டமேட் ஒரே அடியாக அடிப்பதில்லை. 1944-ல் லியாவ் முயலின் மூளையில் கண்ட மின் அலை மாதிரி, கோரின் ஓரத்திலிருந்து அலை அலையாகக் கிளம்பிப் பரவுகிறது. ஒவ்வொரு அலைக்குப் பிறகும் செல் தன் அயனிகளை மறுபடி ஒழுங்குபடுத்த ஏடிபி செலவழிக்க வேண்டும். ஏற்கெனவே பட்டினி கிடக்கிற செல் அது. ஒவ்வொரு அலைக்கும் பெனம்ப்ரா கொஞ்சம் சுருங்கி, கோர் கொஞ்சம் பெருக்கிறது.

சந்தேகப்பிராணி

அப்படியென்றால் மருந்து கொடுக்க மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. ‘மருந்து போகும் முன்பே செல் செத்துவிட்டது’ என்ற வழக்கமான சாக்கு இங்கே செல்லாது.

வார்டு_ரவுண்ட்ஸ்

நேரம் இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். குழாய் அடைபட்ட பக்கத்துக்கு வேறு கிளைகள் வழியாக எவ்வளவு ரத்தம் வருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. நன்றாக வருபவர்களுக்கு 16 மணி, 24 மணி கழித்துக்கூட அடைத்த ரத்தக்கட்டியை எடுத்துப் பலன் கிடைப்பதை 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. வராதவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். பெரிய குழாய் அடைப்பில் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று சேவர் 2006-ல் கணக்குப் போட்டார். சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

தம்பியின் கேள்விக்கு மருத்துவமனைப் பக்கத்திலிருந்து இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது அளவு. செல்ஃபோடெல், ஆப்டிகனெல் என்று என்எம்டிஏ மருந்துகள் 1990-களில் வந்தன. எலியில் பலன் தந்த அளவை மனிதருக்குக் கொடுத்தால் பிரமை, குழப்பம், கட்டுக்கடங்காத பதற்றம் என்று ஆகிவிட்டது. அதே ஏற்பியைத்தான் கீட்டமின் அடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பே இல்லை. அளவைக் குறைத்தார்கள், பலனும் காணாமல் போனது.

இரண்டாவது, எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது, ரத்தக்குழாய். ஆய்வகத்தில் எலியின் குழாய்க்குள் ஒரு இழையைச் செருகி, ஒரு மணியோ ஒன்றரை மணியோ கழித்து உருவிவிடுகிறார்கள். ரத்தம் திரும்பி ஓடும்போது மருந்தும் போகிறது. அந்தக் காலத்து நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு அடைப்பு அடைப்பாகவே இருந்தது. கட்டி கரைக்கும் ஊசிக்கு ஆதாரம் 1995-ல்தான் வந்தது, அதுவும் முதல் மூன்று மணி நேரத்துக்கு மட்டும். கட்டியைக் குழாய் வழியாகவே இழுத்தெடுக்கும் த்ராம்பெக்டமி 2015-ல்தான் நிலைபெற்றது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

முதுகலை_உயிரியல்

ஆனால் டாக்டர், மெக்னீசியத்தை ஆம்புலன்ஸிலேயே கொடுத்துப் பார்த்தார்களே? மெக்னீசியம்தானே என்எம்டிஏ ஏற்பியின் இயற்கை அடைப்பான்.

வார்டு_ரவுண்ட்ஸ்

பாஸ்ட்-மேக் ஆய்வைச் சொல்கிறீர்கள். 2015-ல் வெளியானது, 1,700 நோயாளிகள். அறிகுறி தொடங்கி சராசரியாக 45 நிமிடத்தில் ஊசி ஏறிவிட்டது. ஸ்ட்ரோக் ஆய்வுகளில் அதற்கு முன் யாரும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தால் மருந்துக்கும் உப்புநீருக்கும் வித்தியாசம் இல்லை.

வேகம் மட்டும் போதாது என்று அது காட்டியது. மெக்னீசியம் ரத்தத்தில் ஏறுகிற வேகத்தில் மூளைத் திரவத்தில் ஏறுவதில்லை, ரத்த-மூளைத் தடுப்பு அதை மெதுவாகத்தான் விடுகிறது. இன்னொன்று, சவ்வின் மின்னழுத்தம் சரிந்த செல்லில் என்எம்டிஏ துளையிலிருந்து மெக்னீசியம் தானே கழன்று வெளியேறிவிடும். எந்தச் செல்லுக்குக் காவல் தேவையோ அங்கேதான் அது பிடித்து நிற்க மாட்டேன் என்கிறது.

எலிக்கூண்டு

டாக்டர் சொன்ன இரண்டு காரணமும் சரி. ஆனால் மருந்து முழுசாக, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது என்பது என் கட்சி. காரணம் சமிக்ஞையிலேயே இருக்கிறது.

2002-ல் ஹார்டிங்ஹம், பேடிங் குழு ஒரு விஷயத்தைக் காட்டியது. சினாப்ஸுக்குள், அதாவது இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில், இருக்கும் என்எம்டிஏ ஏற்பி வழியாகக் கால்சியம் வந்தால் செல்லின் கருவில் கிரெப் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது பிடிஎன்எஃப் போன்ற, செல்லை வாழவைக்கும் மரபணுக்களை இயக்குகிறது. சினாப்ஸுக்கு வெளியே, செல்லின் உடம்பில் இருக்கும் அதே ஏற்பி வழியாகக் கால்சியம் வந்தால் கிரெப் அணைக்கப்படுகிறது, மைட்டோகாண்ட்ரியா படுக்கிறது, செல் சாகிறது. கால்சியம் அதேதான், வந்த வாசல் வேறு.

இதை வைத்துப் பாருங்கள். எல்லா என்எம்டிஏ ஏற்பியையும் ஒன்றுபோல் அடைக்கிற மருந்து என்ன செய்யும்? ஒரு வீட்டில் தீப்பிடித்ததற்கு ஊருக்கே மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் மோட்டாரும் ஓடாமல் செய்வது மாதிரிதான். பெனம்ப்ராவில் தத்தளிக்கிற செல்லுக்கு, சினாப்ஸ் வழியாக வரும் அந்தக் கொஞ்சநஞ்ச ‘உயிரோடு இரு’ என்ற சொல்லும் நின்றுபோகிறது. செல்லை வாழவைக்கும் பிஐ3கே-ஏகேடி பாதை தணிகிறது. ஏகேடி வேலை செய்யும்போதுதான் பேட் என்ற தற்கொலைப் புரதத்துக்குப் பாஸ்பேட் ஒட்டி அது செயலிழந்து கிடக்கும். ஏகேடி தணிந்தால் பேட் விடுதலையாகி மைட்டோகாண்ட்ரியா பக்கம் போகிறது.

அதனால்தான் அடுத்த தலைமுறை ஏற்பியை விட்டுவிட்டு அதன் வாலைப் பிடித்தது. ஏற்பியின் உள்பக்க வால் பிஎஸ்டி-95 என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. அதே பிஎஸ்டி-95-இல் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியும் ஒட்டியிருக்கிறது. கால்சியம் நுழைந்த கையோடு நச்சு தயாராவது இந்த நெருக்கத்தால்தான். டைமியான்ஸ்கி குழு 2002-ல் ஒரு சின்னப் பெப்டைடை நடுவில் நுழைத்து இந்த ஒட்டலைப் பிரித்தது. ஏற்பி திறக்கும், கால்சியம் வரும், கிரெப்புக்கும் செய்தி போகும். கொலைப் பாதை மட்டும் அறுபடும். அந்தப் பெப்டைடுதான் நெரினெடைடு.

சந்தேகப்பிராணி

கேட்க இனிமையாக இருக்கிறது மேடம். முடிவையும் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். எஸ்கேப்-என்ஏ1, 2020, 1,105 நோயாளிகள், எல்லோருக்கும் த்ராம்பெக்டமி. 90 நாளில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற நிலையில் இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 61.4 சதவீதம், மற்றதில் 59.2. புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. பிறகு உட்பிரிவில் தோண்டினார்கள். கட்டி கரைக்கும் ஆல்டிப்ளேஸ் போடாதவர்களிடம் மட்டும் 59.3-க்கு 49.8 என்று வந்தது. ஆல்டிப்ளேஸ் உண்டாக்குகிற பிளாஸ்மின் இந்தப் பெப்டைடை வெட்டிவிடுகிறது என்று விளக்கமும் கிடைத்தது. சரி, ஆல்டிப்ளேஸ் போடாதவர்களை மட்டும் சேர்த்து எஸ்கேப்-நெக்ஸ்ட் என்று தனியாக நடத்தினார்கள். பலன் இல்லை.

சினாப்ஸுக்கு உள்ளே நல்லது, வெளியே கெட்டது என்ற பிரிவும் அவ்வளவு சுத்தமானது கிடையாது. ஏற்பிகள் சவ்வில் நகர்ந்து உள்ளும் வெளியும் போய்வருகின்றன. என்எம்டிஏ ஏற்பியிலேயே ‘2ஏ வகை காப்பாற்றும், 2பி வகை கொல்லும்’ என்று ஒரு காலத்தில் கோடு போட்டார்கள், 2ஏ வழியாகவும் செல் சாகும் என்று அதற்குப் பிறகு வந்தது. அழகான வரைபடம் என்பதால் உண்மையாகிவிடாது.

எலிக்கூண்டு

பிரிவு மங்கலானது என்பதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதிலிருந்து வேறொன்றும் வருகிறது. பெப்டைடு பிளாஸ்மினில் வெட்டுப்படும் என்பது எலியில் தெரிய வேண்டியது. எலிக்கு ஆல்டிப்ளேஸும் சேர்த்துக் கொடுத்து முதலிலேயே முறையாகப் பார்த்திருந்தால் மனிதர் ஆய்வை வேறு மாதிரி வடிவமைத்திருக்கலாம். மருத்துவமனையில் எந்த மருந்தோடு சேர்ந்து இது போகப்போகிறது என்பதைக் கூண்டிலேயே யோசிக்காத குறை அது.

கயல்_எழுதுகிறேன்

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். அப்பாவுக்கு மூன்று வாரம் முன்பு ஸ்ட்ரோக். வலது கை, கால் பலவீனம், பேச்சு கொஞ்சம் குழறுகிறது. சிட்டிகோலின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ‘மூளைச் செல்லைக் காப்பாற்றும்’ என்றார்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது போல இருக்கிறது. நிறுத்திவிடலாமா? இன்னொன்று, சீக்கிரம் சரியாக நாள் முழுக்கப் பயிற்சி கொடுக்கச் சொல்லி உறவினர்கள் நெருக்குகிறார்கள்.

வார்டு_ரவுண்ட்ஸ்

கயல், அப்பாவைப் பார்க்கிற மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். இங்கே யாரும் அவரைச் சோதித்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

பொதுவாக மட்டும் சொல்கிறேன். சிட்டிகோலின் பற்றி 2012-ல் வந்த இக்டஸ் ஆய்வுதான் பெரியது, 2,298 பேர். முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு வாரம் கொடுத்தார்கள். வெற்று மருந்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரிய பக்கவிளைவும் இல்லை, அதனால் பல இடங்களில் இன்னும் எழுதித் தருகிறார்கள். மருத்துவரிடம் ‘இது தொடர வேண்டுமா’ என்று நேராகக் கேட்கலாம், தப்பில்லை.

இதைவிட முக்கியமான மாத்திரைகள் அவர் பட்டியலில் இருக்கும்: ரத்த அழுத்தம், கொழுப்பு, ரத்தம் உறையாமல் இருக்க. இன்னொரு ஸ்ட்ரோக் வராமல் பார்ப்பது அவைதான். பணமோ பொறுமையோ குறையும்போது குடும்பங்கள் இவற்றை விட்டுவிட்டு ‘மூளை டானிக்கை’ மட்டும் பிடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மூன்றாவது வாரத்தில் செல்லைக் காப்பாற்றும் கட்டம் கடந்துவிட்டது. இப்போது நடப்பது மீதமுள்ள செல்கள் புது இணைப்புப் போடுகிற வேலை. அதற்குப் பயிற்சி அவசியம். நாள் முழுக்கப் போட்டு வாட்டாமல், பிசியோதெரபிஸ்ட் சொல்கிற அளவில், தவறாமல் செய்யுங்கள். பேச்சுக்குத் தனியாகப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும், கேட்டு வாங்குங்கள். அவர் விழுங்கும்போது இருமல் வருகிறதா என்றும் கவனியுங்கள்.

எலிக்கூண்டு

கயலின் பயிற்சிக் கேள்விக்குள் நம் விவாதமே இருக்கிறது.

1996-ல் கோஸ்லோவ்ஸ்கி, ஷாலர்ட் குழு எலிகளின் மூளையில் ஒரு பக்கம் சேதமாக்கி, நன்றாக இருந்த முன்னங்காலைக் கட்டுப்போட்டது. பலவீனமான காலையே பயன்படுத்த வேண்டிய கட்டாயம். அடிபட்ட உடனே இப்படிச் செய்த எலிகளில் சேதம் பெரிதாகிவிட்டது. அந்த மிகைச் சேதத்தை எம்கே-801 தடுத்தது. அதாவது, அந்த நேரத்தில் மிகையாக வேலை வாங்குவது என்எம்டிஏ வழியாகக் கொன்றது.

வார்டு_ரவுண்ட்ஸ்

மனிதர்களிடமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்று உண்டு. 2015-ல் வந்த அவெர்ட் ஆய்வு, 2,104 பேர். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி, நிறைய நேரம் நடமாட வைத்த குழுவில் நன்றாகத் தேறியவர்கள் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50. காரணம் எலியில் கண்டதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, நிமிர்ந்து உட்காரும்போது மூளைக்கு ரத்தம் குறைவதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அது முதல் நாளின் கதை. கயலின் அப்பா மூன்றாவது வாரத்தில் இருக்கிறார். அவருக்குப் பயிற்சி வேண்டும்.

முதுகலை_உயிரியல்

அப்போ ஒரே சமிக்ஞை முதல் நாள் கெடுதல், மூன்றாவது வாரம் நல்லதா?

எலிக்கூண்டு

அதேதான். எங் லோ என்ற ஆய்வாளர் 2008-லேயே இதை வலியுறுத்தி எழுதினார்: முதலில் கொல்கிற மூலக்கூறுகளே பின்னால் கட்டியெழுப்பவும் வருகின்றன. எம்எம்பி-9 என்ற நொதி முதல் சில மணிகளில் ரத்த-மூளைத் தடுப்பைக் கரைத்து வீக்கமும் கசிவும் உண்டாக்குகிறது. அதை அப்போது தடுத்தால் நல்லது. ஒரு வாரம் கழித்துத் தடுத்தால் எலி தேறுவது கெட்டுப்போகிறது, ஏனென்றால் புது ரத்தக்குழாய்க்கு வழிவிட அந்த வெட்டும் நொதியே வேண்டும்.

இதைவிடத் தெளிவான உதாரணம் காபா. அது மூளையின் அடக்கும் சமிக்ஞை. முதல் நாளில் அடக்கம் நல்லது, அலைகளைக் குறைக்கும். ஆனால் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஓரத்துச் செல்களைச் சுற்றிக் காபா தேங்கி நின்று அவற்றை வாரக்கணக்கில் அமுக்கி வைக்கிறது. நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் அதைச் சரியாக அள்ளிக்கொண்டு போகாததுதான் காரணம். கிளார்க்சன், கார்மைக்கேல் குழு 2010-ல் சுண்டெலிகளுக்கு இந்த அமுக்கத்தைத் தணிக்கும் மருந்தை மூன்றாம் நாளில் தொடங்கியது. கால்கள் நன்றாகத் தேறின. அதே மருந்தை ஸ்ட்ரோக் வந்த உடனே கொடுத்தபோது இறந்த பகுதி பெரிதானது.

எனவே ‘நரம்பணுவைக் காக்கும் மருந்து’ என்று நாள் குறிப்பிடாமல் எழுதுகிற தலைப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எந்த மணிக்கு, எந்தச் செல்லுக்கு என்று கேட்காமல் பாதையின் பெயரை மட்டும் சொல்லி என்ன பயன்? ஜேஎன்கே, என்எஃப்-கப்பாபி என்ற சமிக்ஞைப் பாதைகள், மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் செல்கள், எதை எடுத்தாலும் இதே கேள்விதான் முன்னால் நிற்கிறது.

சந்தேகப்பிராணி

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் உயிரியலின் சிக்கல் மேல் போட்டு, ஆய்வகத்தின் பழக்கங்களைத் தப்பவிடக் கூடாது.

1999-ல் ஸ்டேர் என்ற பெயரில் வழிமுறைகள் வந்தன: இரண்டு வகை விலங்கு, ஆண்-பெண் இரண்டும், யாருக்கு மருந்து என்று அளப்பவருக்குத் தெரியாமல் அளப்பது, இப்படி. அவற்றைப் பெரும்பாலும் பின்பற்றிய முதல் மருந்து என்று என்எக்ஸ்ஒய்-059-ஐக் கொண்டாடினார்கள். செல்லை அரிக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடிக்கிற மருந்து. 2006-ல் செயின்ட்-1 ஆய்வில் லேசான பலன். 2007-ல் 3,000 பேருக்கு மேல் சேர்த்து செயின்ட்-2. ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது விலங்கு ஆய்வுகளிலேயே ஓட்டை: குலுக்கல் முறையில் பிரிக்காதவை, கண்மூடி அளக்காதவைதான் பெரிய பலனைக் காட்டியிருந்தன.

அதே 2006-ல் ஓகாலின்ஸ் குழு எண்ணிப் பார்த்தது. ஸ்ட்ரோக்குக்கு முயன்ற சிகிச்சைகள் 1,026. மனிதர் வரை வந்தவை 114. அவை மற்றவற்றைவிட விலங்கில் சிறப்பாகச் செயல்பட்டவையும் இல்லை. எதை மேலே அனுப்புவது என்பதில் ஒரு ஒழுங்கே இருந்ததில்லை என்றுதான் அர்த்தம்.

முதுகலை_உயிரியல்

எலிகள் இளம் வயது, நோயில்லாதவை. நோயாளிகள் வயதானவர்கள், சர்க்கரை, பிபி எல்லாம் உள்ளவர்கள். அதுவும் ஒரு காரணம்தானே?

எலிக்கூண்டு

ஆமாம். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. சுண்டெலி இரவில் உலவும் பிராணி. நாங்கள் ஆய்வகத்துக்கு வருவது பகலில். அதாவது எலி தூங்கும் நேரத்தில் அதற்கு ஸ்ட்ரோக் உண்டாக்குகிறோம். மனிதர்களில் பெரும்பாலான ஸ்ட்ரோக் விழித்திருக்கும் நேரத்தில் வருகிறது. எங் லோவின் குழு 2020-ல் எலிகளின் ஓய்வு நேரத்திலும் உலவும் நேரத்திலும் தனித்தனியாகப் பார்த்தது. எம்கே-801 உட்பட மூன்று பழைய சிகிச்சைகள், மூன்றுமே ஓய்வு நேரத்தில் பலன் தந்தன, உலவும் நேரத்தில் தரவில்லை. உலவும் நேரத்தில் பெனம்ப்ராவே சிறியதாக இருந்தது, காப்பாற்ற இருந்த திசுவே குறைவு.

இது ஒன்றே முப்பது வருடத் தோல்விக்கும் விளக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டு விளக்கை எப்போது அணைக்கிறோம் என்பதைக் கட்டுரைகளில் எழுதாமலேயே இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறோம்.

இப்போது கொஞ்சம் திருந்தி வருகிறார்கள். அமெரிக்காவில் ஸ்பான் என்ற கூட்டமைப்பு பல ஆய்வகங்களைச் சேர்த்து, வயதான எலி, பருத்த எலி, ரத்த அழுத்தம் உள்ள எலி என்று வைத்து, யாருக்கும் தெரியாமல் மருந்தைப் பிரித்து ஆறு சிகிச்சைகளைப் போட்டிக்கு விட்டது. அதில் யூரிக் அமிலம் மட்டும் கோட்டைத் தாண்டியது.

சந்தேகப்பிராணி

ஆறில் ஐந்து எலியிலேயே விழுந்தது. நல்ல செய்திதான், நிஜமாகவே சொல்கிறேன். மனிதர்களிடம் ஐந்து பெரிய ஆய்வுகள் நடத்தும் செலவு மிச்சம்.

வார்டு_ரவுண்ட்ஸ்

மனிதரிடம் எதுவுமே வேலை செய்யவில்லை என்று முடித்துவிடாதீர்கள், இரண்டு சேதி பாக்கி இருக்கிறது.

பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளை 33.5 டிகிரிக்கு 72 மணி நேரம் குளிர்விப்பது. பணக்கார நாடுகளில் இது நிலைபெற்ற சிகிச்சை, இறப்பும் ஊனமும் குறைகின்றன. குளிர் ஒரே ஒரு பாதையைத் தொடுவதில்லை, எல்லாவற்றையும் ஒருசேர மெதுவாக்குகிறது, அதனால்தான் வேலை செய்கிறது என்பது என் ஊகம். ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-ல் வந்தபோது பலன் இல்லை, இறப்பு கூடியிருந்தது. சேதம் எப்போது தொடங்கியது என்பது குழந்தைக்குக் குழந்தை வேறு என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். மறுபடி நேரம்!

அப்புறம் எடாரவோன். ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடிக்கும் மருந்து, ஜப்பானில் 2001 முதல் ஸ்ட்ரோக்குக்கு அனுமதி உண்டு. அதோடு டெக்ஸ்போர்னியால் என்ற அழற்சி தணிக்கும் பொருளைச் சேர்த்துச் சீனாவில் டேஸ்ட் ஆய்வு நடந்தது. 1,165 பேர், 90 நாளில் ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 67 சதவீதம், எடாரவோன் மட்டும் கொடுத்தவர்களில் 59. சீனாவுக்கு வெளியே இதே அளவில் செய்து காட்டும்வரை நான் கொண்டாட மாட்டேன், ஆனால் ஒதுக்கவும் மாட்டேன்.

கயல்_எழுதுகிறேன்

மிக்க நன்றி டாக்டர். சிட்டிகோலின் பற்றி நாளை அப்பாவின் மருத்துவரிடம் கேட்கிறேன். கடைசியாக ஒன்று: கையில் பிபி பட்டையை இறுக்கித் தளர்த்தினால் மூளைக்கு நல்லது என்று ஒரு காணொலியில் பார்த்தேன். வீட்டில் பிபி கருவி இருக்கிறது. செய்யலாமா?

வார்டு_ரவுண்ட்ஸ்

வேண்டாம். அது உண்மையான ஆராய்ச்சிதான், காணொலிக்காரர் கதை விடவில்லை. 1986-ல் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாயின் இதயத்தில் கண்டது: கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை நிறுத்தி விட்டால், பிறகு வரும் பெரிய அடைப்பை இதயம் தாங்குகிறது. கையில் செய்தால் மூளைக்கும் அந்தச் சேதி போகுமா என்று பார்க்கிறார்கள். சீனாவின் ரிக்காமிஸ் ஆய்வில் 2022-ல் லேசான பலன், நன்றாகத் தேறியவர்கள் 67.4 சதவீதம், மற்றதில் 62. ஆனால் அங்கே போலிப் பட்டை கிடையாது, யாருக்குச் சிகிச்சை என்று நோயாளிக்கே தெரியும். டென்மார்க்கில் போலிப் பட்டையும் வைத்து நடந்த ரெசிஸ்ட் 2023-ல் பலன் இல்லை என்றது.

ரிக்காமிஸில் பட்டையை 200 வரை ஏற்றி ஐந்தைந்து நிமிடம் வைத்தார்கள், அதுவும் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கி. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் கையில் வீட்டுக் கருவியால் அதைச் செய்தால் கன்றிப்போகும், வலிக்கும், அவ்வளவுதான். அந்தக் கருவியால் தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் கோணுதல், கை தொய்தல், பேச்சு மேலும் குழறுதல் என்று புதிதாக எதுவும் தெரிந்தால், கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். சரியாகிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

முதுகலை_உயிரியல்

செமினாருக்கு ஒரே ஒரு படம்தான் போட நேரம். பாதைகளின் வரைபடம் போடவா, இல்லை வேறு ஏதாவதா?

எலிக்கூண்டு

பாதைகளின் வரைபடம் எல்லோரும் போடுவார்கள். கிடைமட்டமாக ஒரு நேரக்கோடு போடுங்கள்: நிமிடம், மணி, நாள், வாரம். மேலே குளுட்டமேட், எம்எம்பி-9, காபா மூன்றும் எப்போது கெடுதல், எப்போது உதவி என்று இரண்டு நிறத்தில். கீழே ஒவ்வொரு மனித ஆய்விலும் மருந்து எந்த மணியில் ஏறியது என்று புள்ளி வையுங்கள். பாஸ்ட்-மேக் 45 நிமிடத்தில் வரும், இக்டஸ் 24 மணி வரை நீளும். அப்படியே விட்டுவிட்டுக் கேள்விக்குக் காத்திருங்கள்.

சந்தேகப்பிராணி

ரத்தக்குழாய் திறந்த ஆய்வுகளின் புள்ளியை மட்டும் வேறு நிறத்தில் வையுங்கள் தம்பி. அதைக் கேட்காமல் விடுகிற பேராசிரியர் இருக்க மாட்டார்.